பக்கம் 212

நானூற்றுச் சொச்சம் பக்கம். இரவல் புத்தகம்.
காலை ஏழு இருபது கோச்சியில்
வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும்
நின்றபடி வாசிக்கிறேன்.
ஒரு கை மேற்கம்பியில்,
மறுகைப் பெருவிரல் தாள்களுக்கு நடுவில்.

கதை ஆயிரத்துத் தொளாயிரத்து இரண்டில்.
தலைச்சேரியில் கப்பலேறிய ஒரு சர்க்கஸ்
எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது:
பதினேழு குதிரை, பல் விழுந்த சிங்கம்,
சம்பளப் பாக்கியால் சிரிக்க மறுக்கும் பபூன்,
பலகையில் கால் வைக்கமாட்டேன் என்று
அரைநாள் அடம்பிடிக்கும் யானை.
கடைசியில் வயிற்றில் கயிறு கட்டி
பாரந்தூக்கியால் இறக்குகிறார்கள்.
யானை அந்தரத்தில் நின்ற அந்தப் பந்தியில்
கோட்டையைத் தவறவிட்டு
மருதானையில் இறங்கினேன்.

பாரு என்று ஒருத்தி, ஊஞ்சற்காரி.
அவள் ஊரில் அது பார்வதி.
எங்களுக்கோ ஏவல்.
துறைமுகத்துத் தமிழ்ச் சனம் ‘பாரு, பாரு’ என்று
பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டும்போது
தன்னைத்தான் கூப்பிடுகிறார்களென்று
ஒரு கணம் குனிந்துவிடுகிறாள்.

அவளைப் பிடிப்பவன் கோரன்.
தலைகீழாய்த் தொங்குவது உத்தியோகம்.
கையோடு கை கோர்ப்பதில்லையாம் அவர்கள்,
வியர்வை வழுக்கும்.
மணிக்கட்டை மணிக்கட்டோடு பற்றுவதாம்.
ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி மிஞ்சும்.
இதை இரண்டு தரம் வாசித்தேன்.
பதினொரு வருடம் ஒரு வீட்டில்
விரல் கோர்த்து இருந்து பார்த்தவள் நான்.

குறையும் சொல்லவேண்டும்.
கூடாரத் துணி தைக்க ஆறு பக்கம் எடுத்தவர்
பாருவின் பயத்துக்கு ஒரு வரிதான் தருகிறார்.
ஆனாலும் யானைச்சாணி மணக்கிறது,
கோச்சிப் பெட்டி முழுக்க.

நான் காப்புறுதிக் கம்பனியில், இழப்பீட்டுப் பிரிவு.
லாச்சியில் ஒரு கோப்பு இருக்கிறது:
பெரியண்ணன் விதுஷன், வயது இருபத்துமூன்று,
சொந்த இடம் பதுளை.
கொம்பனித் தெருவில் எழும்பும் மாடித்தொடரின்
இருபத்தொன்பதாம் தட்டுச் சாரக்கட்டு.
படிவத்தில் ஏழாவது கேள்வி,
பாதுகாப்பு வலை இருந்ததா, ஆம், இல்லை.
யாரோ இரண்டையும் வெட்டியிருக்கிறார்கள்.

212இன் கடைசி வரியில் பாரு கம்பியை விடுகிறாள்.
அடுத்த தாள் இல்லை.
தையலோடு கிழித்திருக்கிறார்கள்.
215இல் மழை. கூடாரம் பிரிக்கிறார்கள்.
கோரன் கை கழுவுகிறான், இன்னும் கழுவுகிறான்.
ஓரத்தில் பென்சிலால் எவரோ: ‘ஐயோ.’
அதன்கீழே வேறு கையெழுத்து:
‘புத்தகத்தில் எழுதவேண்டாம்.’

நூலகத்தில் வேறு பிரதி இல்லை.
றிஸ்வானா மிஸ் தலை நிமிராமல் சொன்னா:
“விழுந்திருப்பா. இல்லாட்டி ஏன் கிழிக்கிறது?”
பஸ்ஸில் வரும்போதுதான் பதில் வந்தது,
பிடித்திருந்தாலும் கிழிப்பார்கள்தானே,
வைத்துக்கொள்ள.

சனிக்கிழமை அந்த வெளியைத் தேடிப் போனேன்.
வெளி எங்கே. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன்.
கண்ணாடி துடைக்கிற இரண்டு பேர்
கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
கீழே ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை,
என்னைத் தவிர. கழுத்து வலித்தது.

திங்கள் காலை, கொம்பனித் தெரு ஸ்டேஷன்.
கோச்சி நகர்ந்த பிறகு ஒரு பெடியன் ஓடிவந்தான்,
பை ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம்.
மிதிபலகையில் நின்ற சாரம் கட்டிய மனிசன்
கையை நீட்டினார்.
நான் விரல்களைப் பார்க்கவில்லை.
மணிக்கட்டு.
மணிக்கட்டோடு மணிக்கட்டு.
பெடியன் உள்ளே விழுந்து மூச்சு வாங்கினான்.
மனிசன் மறுபக்கம் திரும்பித் துப்பினார்.
ஒருவரும் கைதட்டவில்லை.

கந்தோரில் கோப்பை வெளியே எடுத்தேன்.
‘ஏழாம் கேள்விக்கு விளக்கம் தேவை,
தளத்தை நேரில் பார்க்கவேண்டும்’ என்று எழுதினேன்.
மனேஜர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

புத்தகம் நாலு நாள் பிந்திவிட்டது.
தண்டம் கட்டலாம்.
பெருவிரல் இன்னும்
212இல்தான் இருக்கிறது.